பதினோராம் இலக்கம்

ஹட்டன் நகர சபை ஒலிபெருக்கி
சந்திரமேரி என்று கூப்பிட்டது.
சந்தனமேரி எழுந்து போனாள்.

எண்ணூற்று நாற்பது புள்ளிகள் என்றார்கள்.
மேசையில் குந்தி ஸ்கோர் எழுதியவன் நான்,
எண்ணூற்று அறுபத்தொன்று.
மழையில் ஊறிய கண்டித் தாளை
இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துக்
கூட்டிப் பார்த்திருக்கிறேன், மூன்று தரம்.

கொழும்பில் காப்புறுதிக் கம்பனிக்கு ஒன்பது வருடம்,
மாலைதீவில் இரண்டு பருவம்.
பதினோராம் இலக்கம் இனி யாருக்கும் இல்லை என்று
கம்பனி அனுப்பிய கடிதத்தையும் வாசித்தார்கள்.
அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் தம்பி மகன்
மாட்டுக்குப் புல் அறுக்கிறான்.
சம்பளச் சீட்டில் அவள் எழுதுவினைஞர்;
ஒரு கடிதம்கூட எழுதாத எழுதுவினைஞருக்கு
இடது முழங்காலில் இரண்டு ஆணி.
இதை யாரும் வாசிக்கவில்லை.

தவிசாளர் ஐந்தடி.
அவள் ஆறு, அதற்கு மேலும் ஒரு விரல்.
கழுத்தைத் தாழ்த்தினாள், போதவில்லை.
முழங்கால் மடியவில்லை.
எறிந்த மாலை ஒரு காதில் தொங்கியது.
"ஆட்டக்காரின்னா இவ்வளவு திமிரா?"
பின்வரிசையில் ஒரு குரல்.
நான் திரும்புவதற்குள் பொன்னாடை போர்த்திவிட்டார்கள்,
அது முழங்கைக்கு மேலேயே முடிந்துபோனது.

டிக்கோயாத் தளத்தில்
மூன்று மணிக்கெல்லாம் பனி இறங்கி
வளையத்தைத் தின்றுவிடும்.
வலையை யாரோ கோழிக்கூட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.
பலகையில் பட்டால் டமார்,
இரும்பில் பட்டால் ணங்.
சத்தமே இல்லையென்றால் இரண்டு புள்ளி,
எழுதிக்கொள்வேன்.
வெள்ளைக்குள்ளிருந்து அவள் குரல் வரும்:
"அண்ணே, அது காத்துல போச்சு. வெட்டுங்க."
நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரிப்பார்.

பொகவந்தலாவை பஸ்ஸில் இருக்க இடமில்லை.
கேடயம் ஒரு சீனிப் பையில்.
மாலைக்குப் போதாத கழுத்து
பஸ் கூரைக்கு வளைந்து
என் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பெயரும் பிழை, கணக்கும் பிழை என்றேன்,
எண்ணூற்று அறுபத்தொன்று,
நாளைக்கே சபைக்குக் கடிதம் போடுகிறேன்.

நோர்வூட் வளைவில் பஸ் சாய்ந்தது.
பையை மார்போடு இறுக்கிக்கொண்டு
"அம்பத்தொம்போது" என்றாள்.
"அந்த அரையிறுதியில
ஒண்ணு நீங்க வெட்டவே இல்ல."