நாற்பத்தொன்று, பதினேழு

வாரம் ஆறு நாள் ஆரல்வாய்மொழியில்
காற்றாலைகளின் எண்களைப் பார்த்திருப்பவன் நான்.
ஞாயிறு மட்டும்
அதே எக்செல்லில் ரன் எழுதுவேன்.

விஜின்ராஜ் அடித்த இருநூற்றுப் பன்னிரண்டு பந்தும்
என் போனில் புள்ளிகளாய்க் கிடந்தன.
பாதிக்கு மேல் மிட்விக்கெட்டில்,
உடைமுள்ளைத் தாண்டி,
நொடிக்குப் பதினோரு மீட்டரில்
மேற்குக் காற்று தள்ளிவிடும் பக்கம்.

அங்கே மூன்று பேரை நிறுத்தச் சொன்னேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.

மே மாதம் அவன் சராசரி நாற்பத்தொன்று.
ஆகஸ்டில் பதினேழு.

பிறகு தோவாளைக்காரர்கள்,
பூவை எடை போட்டுப் பழகிய கைகள்,
எங்கள் ஆட்களையும் போட்டார்கள்.
பூதப்பாண்டியில் ஒருவன் டிரோனே வாங்கிவிட்டான்.
இப்போது ஒற்றை ரன்னுக்கு யாரும் ஓடுவதில்லை.
சிக்ஸர், இல்லையென்றால்
மட்டையை இழுத்துக்கொண்டு புளியமரத்தடிக்கு.
பந்து பொறுக்கும் பையன்கள்
போன் பார்க்கிறார்கள்.

நேற்று டீக்கடையில் விஜின்
என் போனை வாங்கினான்.
தன் புள்ளிகளை விரலால் பெரிதாக்கி
வெகுநேரம் பார்த்தான்.
"இது என்னடே, தனியா ஒண்ணு?"

தேர்ட்மேன் பக்கம். மார்ச்சில். எட்ஜ், ஒரு ரன்.

"அன்னைக்குக் கண்ண மூடிட்டேன்" என்றான்,
சிரித்தான்,
இரண்டு டீக்கும் அவனே காசு கொடுத்தான்.

வரும் ஞாயிறு அங்கேயும்
ஒருத்தனை நிறுத்தலாமா என்று
யோசித்துக்கொண்டே பைக்கை எடுத்தேன்.