பின்சுவரிலிருந்து நாலு விரல்

அக்னி நட்சத்திரம் பிறந்த மூன்றாம் நாள்
ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், எங்கள் லாட்ஜின் பொதுச் சமையலறையில்
இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் இரண்டுபட்டது.
இடப்பக்கம் இமயம்.
வலப்பக்கம் வேலூர்.

பால் திரிந்தது. கொத்தமல்லி கறுத்தது.
மூன்றாம் மாடி அனிமா
கணவரின் இன்சுலின் குப்பியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினாள்.
இதமாக இருந்தது.
இதமாக இருக்கக் கூடாத பொருள்.

சத்துவாச்சாரி மெக்கானிக் போனிலேயே நோய் கண்டான்:
"கேஸ் பூட்ருக்கும்க்கா. ஆறாயிரம் ஆவும்.
நான் ஆம்பூர்ல கீறேன், வியாழக்கிழமை வர்றேன்."
கேஸ் போயிருந்தால் இடப்பக்கம் எப்படி உறையும்?
கேட்டேன்.
வண்டிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லையாம்.

சரி, நானே.

ஸ்டெபிலைசர் முள் நடுங்கியது.
ஊரே ஏசி போடும் நேரத்தில் அது தினமும் நடுங்குவதுதான்.
கதவு ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தேன்.
மடிப்புக்குள் மிளகாய்த்தூள், கறிவேப்பிலைக் காம்பு,
உடைந்த சங்கு வளையல் ஒரு துண்டு.
பத்து ரூபாய்த் தாளை இடுக்கில் வைத்து மூடி
இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
எங்கும் கொடுக்கவில்லை. பனிப்பக்கக் கீழ் மூலையில் மட்டும்
லஞ்சம் போல வழுக்கிக்கொண்டு வந்தது.
ஹேர் டிரையரைக் காட்டி, சூட்டோடு ரப்பரை நீவி விட்டேன்.

அடித்தட்டைக் கழற்றினால்
கம்பிச் சுருளில் ஆறு மாநிலத் தலைமுடி.
பழைய டூத் பிரஷ்ஷால் கோதிக் கோதி எடுத்தேன்,
கீமோ வார்டுக்குப் போய்வருகிறவர்களுடையதும் இருக்கும் என்று
பாதியில் தோன்றியது. நிறுத்தவில்லை.

பிறகு பிளக்கைப் பிடுங்கினேன்.
மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வந்தது.
தெர்மாகோல் பெட்டியில் குப்பிகள், துண்டு சுற்றி, ஐஸில் படாமல்:
வெயிலுக்குக் கெடும் மருந்து
உறைந்தாலும் கெடும்.

டப்பாக்களை வெளியே அடுக்கினேன்.
வங்காளம், இந்தி, அஸ்ஸாமி.
எனக்கு வாசிக்கத் தெரிந்தவை
அறை எண்கள்.

ஒரு பகல், ஒரு இரவு
இரண்டு கதவும் ஆவென்று திறந்து கிடந்தன.
குத்தக் கை பரபரத்தது; கத்தியை ஒளித்து வைத்தேன்.
பனி தானாக இறங்க வேண்டும்.
ரெண்டரை பக்கெட் தண்ணீர்.
மாநகராட்சிக் குழாய் ஆறு நாளாய் வரவில்லை என்பதால்
அதில் படிக்கட்டு கழுவினேன்.

விடியற்காலை, பின்சுவரில்,
காற்று வரும் சன்னலை அடைத்துக்கொண்டு
ஒரு டிபன் டப்பா இருந்தது.
14.

அனிமாவைக் கூப்பிட்டேன். துடைத்து வாசித்தாள்,
எனக்காக உடைந்த தமிழில்:
"பதினேழு தேதி. பையன் பிறந்தநாள். தொடாது."

மார்ச் பதினொன்றில் அறை காலி.
ராத்திரி வண்டி வந்தது, அட்வான்ஸைக்கூட வாங்கவில்லை.
எந்தப் பக்கமாகப் போனார்கள் என்று எழுத
என் பதிவேட்டில் கட்டம் இல்லை.

உள்ளே வெல்லம் போட்ட பாயசம், செங்கல் நிறத்தில்.
இரண்டு மாதம், நடுவில் எத்தனை மின்வெட்டு.
கொட்டத்தான் வேண்டும். நான்தான் கொட்டினேன்.
அனிமா டப்பாவை இரண்டு முறை கழுவி
ஃப்ரிட்ஜ் தலையில் கவிழ்த்து வைத்தாள்.

வடிகால் ஓட்டையில் வெந்நீர் ஊற்றினேன்.
முன்கால் திருகை அரைச் சுற்று உயர்த்தினேன்,
கதவு தன் எடையிலேயே சாத்திக்கொள்ள.
ஸ்விட்ச்.
ஒரு நிமிடம் எதுவும் இல்லை.
அப்புறம் உள்ளே விசிறி தொண்டையைச் செருமியது.

மறுநாள் மருந்துக்கடைத் தெர்மாமீட்டர் வலப்பக்கத்தில் நாலு காட்டியது.
கதவில் எழுதி ஒட்டினேன்:
பின்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்கவும்.
கீழே அனிமா அவள் எழுத்தில் எழுதினாள்.
என் வரியைவிட அது நீளமாக இருக்கிறது.
என்னவென்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை மெக்கானிக் வந்தான்,
கதவைத் திறந்தான், மூடினான்,
"நல்லாத்தானே கீது" என்றான்.
வந்து போன செலவு இருநூறு.
"மேல இன்னாக்கா காலி டப்பா?"
பதினாலு, என்றேன்.

பதினாலில் இப்போது நாக்பூர்க்காரர் இருக்கிறார்.
அவர் டப்பா வேறு.