சான்றுப் பொருள் 14

பஃபலோ என்று பெயர் வைத்த ஊரில் எருமை இல்லை.
பனி உண்டு, உருக்காலை உண்டு,
உருக்காலைக்காரர்களை மன்னிக்க ஞாயிற்றுப் பூசை உண்டு.
ஃப்ளோரியன் க்ரூஷ்கா உண்டு.

பகலில் ரொட்டி வண்டி ஓட்டுவான்,
ராத்திரியில் படம் பிடிப்பான்.
இரண்டுக்கும் ஒரே வண்டி.
எங்கள் நடிகர்கள் எல்லோர் மேலும் மாவு.
பின்னாளில் ஒரு பேராசிரியர்
அந்த வெண்மையைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினார்.

நான் விளக்குப் பிடித்தவள், ஜெனவீவ்.
திரையில் தேடாதீர்கள்.
பேர் போட்டால் பிலிம் வீண் என்பான்.

பிலிமே வீணாய்ப் போனதுதான், காலாவதிச் சரக்கு.
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கழுவும் அவன் தம்பி
குடுவையில் மருந்து கடத்தி வருவான்.
குளியல் தொட்டியில் கழுவி
கொடியில் காயப்போடுவோம்,
உள்பாவாடைகளுக்கு நடுவே, பாம்புச் சட்டை மாதிரி.
"என்ன நாத்தம்?" என்றாள் வீட்டுக்காரி மிசஸ் பிட்டல்.
"கலை" என்றான்.
வாடகையில் ஐந்து டாலர் ஏறியது.

முதல் படத்தில் ஒருவன் சவரம் செய்கிறான்.
பதினோரு நிமிடம்.
கடைசி மழிப்பில் பெண்ணாகிவிடுகிறான்.
பார்த்தவர்கள் ஒன்பது பேர், நாங்கள் உட்பட.

அடுத்ததில், போருக்கு அழைப்பு வந்த பையன்கள்
அழைப்புக் கடிதத்தை மாவில் பிசைந்து
டோனட் சுட்டுத் தின்கிறார்கள்.
நிஜக் கடிதங்கள். நிஜ வயிற்றுவலி.

மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டோம்.
புனித பார்பரா இறைச்சிச் சந்தைக்கு வருகிறாள்.
ஆறடி இரண்டங்குலம், உலைக்களத்து கசிமிர்தான் பார்பரா,
காதில் அவன் அம்மாவின் தோடு.
பௌலிங் கூடத்து மாடியில் பாதி ஓடும்போது
கதவை உதைத்து வந்தது போலீஸ்.
ஒரு காவலர் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு
முடிவு வரை நின்றார்.

நீதிமன்றத்தில் திரை இல்லை.
சுவரில் காட்டினார்கள்.
செத்துப்போன நீதிபதி ஒருவரின் எண்ணெய் ஓவியம்,
அவர் தாடியின் மேல் புனிதையின் தொடை.
ஜூரி பன்னிரண்டு, வழக்கறிஞர்கள், தட்டச்சுக்காரி, வாயிற்காவலர்.
அதுவரை எங்களுக்கு வாய்த்ததிலேயே பெரிய கூட்டம்,
எழுந்து போகவும் சட்டம் விடாத கூட்டம்.

நாலாவது நாற்காலியில் பச்சைக் கோட்டு அம்மாள்
கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.
ஃப்ளோரியன் படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி
அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குற்றவாளி என்று அவளும்தான் கை தூக்கினாள்.
அறுபது நாள்.

அப்புறம் கல்யாண வீடியோ.
மணமகள் கேக் வெட்டுகையில்
இவன் கேமரா மேசைக்கு அடியில் இருக்கும்,
செருப்பைக் கழற்றி ஒன்றையொன்று உரசும் கால்களோடு.
முன்பணத்தைப் பலமுறை திருப்பிக் கொடுத்தோம்.
கசிமிர் நுரையீரலில் இரும்போடு போனான்.
ஒரு ஜனவரியில் பாய்லர் வெடித்து
நிலவறையில் இருந்த சுருள்கள் எல்லாம்
வெல்லக்கட்டியாய் ஒட்டிப்போயின.
அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான்.
நான் பல் டாக்டரிடம் கணக்கெழுதப் போனேன்.

எழுபது வயதில் அவனுக்கு ஒரு தபால்:
நீதிமன்றக் கிடங்கைக் காலி செய்கிறோம்,
முப்பது நாளில் பெற்றுக்கொள்ளாவிட்டால் அழிக்கப்படும்.

ஒரு கீறல் இல்லை. ஒரு தூசி இல்லை.
முப்பத்தெட்டு வருஷம்
கொலைக் கத்திகளோடும் கள்ள நோட்டுகளோடும்
குளிரில், இருட்டில், பூட்டுக்குள்.
எந்த அருங்காட்சியகமும் எங்களை
இத்தனை அக்கறையாய் வெறுத்ததில்லை.

சுத்தம் செய்ய வந்த பெண்
முதல் சட்டத்திலிருந்த முத்திரையை அழிக்கவா என்றாள்.
சான்றுப் பொருள் 14, குமாஸ்தாவின் கோணல் கையெழுத்து.
"இருக்கட்டும். காப்பாற்றினவன் பேர்."

"அப்போ என் பேர்?" என்றேன்.
"பிலிம் வீண், ஜென்" என்றான்.

போன வருஷம் அவனையும் புதைத்தாயிற்று.
படம் இப்போது எங்கெங்கோ ஓடுகிறதாம்.
பார்த்தால்,
ஒன்பதாவது நிமிடத்தில், தொங்கும் பன்றிகளின் நடுவே
பார்பரா தலை நிமிரும்போது
அவள் முகத்தில் வெளிச்சம் ஒருமுறை துள்ளும்.

மாவு மூக்கில் ஏறிவிட்டது.
தும்மினேன்.