தளை தட்டும் இடம்

நாலு கண்டத்துக்கும் ஒரே படிவம்.
நாற்பத்தொரு கேள்விகள்.
உத்ரெக்ட் அலுவலகத்தில் அச்சிட்டு, துளையிட்டு,
நாடா கோத்துக் கொடுத்தார்கள்.
தலைப்பு: சீர்மிகு நகரங்கள், ஓர் ஒப்பீடு.
சீர் மிகுந்தால் தளை தட்டுமே என்று
அப்போதே தோன்றியது.
சொல்லவில்லை.
ஜன்னலோர இருக்கை போட்டிருந்தார்கள்.

கோபன்ஹேகனில் மழை.
மணிக்கு இருபது கிலோமீட்டரில் மிதிப்பவர்களுக்கு
வழியெல்லாம் பச்சை.
இங்கெபோர் பதினைந்தில்தான் மிதிப்பாள்,
கூடையில் முட்டை.
சந்திக்குச் சந்தி சிவப்பு அவளுக்காகக் காத்திருக்கும்.
"அவசரம் விளக்குக்கு, எனக்கில்லை" என்றாள்
காலை ஊன்றிக்கொண்டு.
பத்துக்கு ஒன்பது போட்டேன்.

சோங்டோவில் குப்பை நிலத்தடியில் பறக்கிறது.
லாரி இல்லை, நாற்றம் இல்லை, ஈ இல்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை
குவாக் பொங்சூவின் கல்யாண மோதிரமும்
முள்ளங்கித் தோலோடு பறந்துவிட்டது.
கட்டுப்பாட்டு அறையில் தேடினார்கள்.
எவ்வளவு போனது என்று கிராம் சுத்தமாகத் தெரிந்தது.
எது போனது என்று தெரியவில்லை.
ஒன்பதரை.

மெடெயின் மலைச்சரிவில்
வீடுகளுக்கு நடுவே நகரும் படிக்கட்டு.
பழுதை அறிய எத்தனை சென்சார், என்றது கேள்வி பதினேழு.
யூர்லெய்டி சிரித்தாள்.
"நின்றுபோனால் கத்துவோம்.
மேல்வீடு கீழ்வீட்டுக்கு, கீழ்வீடு அதற்கும் கீழே.
கிரீஸ் கையோடு ஒருவன் ஓடி வருவான்,
பாதிச் சாப்பாட்டில் இருந்தால் அதையும் மென்றுகொண்டு."
கத்தலுக்குப் படிவத்தில் கட்டமில்லை.
'பொருந்தாது' என்று எழுதினேன்.

கடைசியில் கிகாலி.
இறங்கித் திரும்பும் ஒரு தெருவில் புதுக் கம்பங்கள்.
ஆள் அசைந்தால் விளக்கு விழிக்கும்,
அசைவில்லையென்றால் நாலே நிமிடத்தில் கண்மூடும்.
மின்சாரம் பாதிக்குப் பாதி மிச்சம் என்றார்கள்,
நானும் கைதட்டினேன்.
கம்பம் அறுபத்திரண்டில் மட்டும்
இரவெல்லாம் நடமாட்டம்.
ஒரு மணி. இரண்டு மணி. மூன்றரை.
வரைபடத்தில் அது சிவந்து வீங்கிய கொப்புளம்.
கேமரா வைக்கலாம் என்றார் ஒருவர்,
கடை வைக்கலாம் என்றார் இன்னொருவர்.

போய்ப் பார்த்தேன்.
ஒரே ஓர் ஆள்.
இரவுக் காவலர் ஃபோஸ்தான் காரெமேரா,
மடியில் கணக்குப்பதிவியல், பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
படிக்கிறவன் அசைவதில்லை.
அசையாதவன் விளக்குக்கு இல்லாதவன்.
முதல் மாதம் காலை ஆட்டி ஆட்டிப் படித்தாராம்,
ஐந்தொகை மனதில் நிற்கவேயில்லை.
பிறகுதான்
(பிளாஸ்டிக் பை இந்த ஊரில் குற்றம்)
ஒரு வாழைச்சருகைக் கிழித்து
சென்சாருக்கு எதிரே கிளையில் கட்டினார்.
சரிவில் காற்று ஓய்வதில்லை.
சருகு நடந்தது,
விளக்கு நம்பியது.

"எழுதிவிடுவீர்களா?"
"தேர்வு எப்போது?"
"ஆறு வாரம்" என்றார்,
விரலைப் பக்கத்திலிருந்து எடுக்காமல்.

உத்ரெக்ட். ஏழாவது மாடி.
காலையில் அறிக்கை போயாக வேண்டும்.
நாலு நெடுவரிசை, நாற்பத்தொரு கிடைவரிசை,
எல்லாம் நிரம்பிவிட்டன.
கம்பம் அறுபத்திரண்டு, விளக்கம்: என்ற இடத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேனோ,
தலைக்கு மேல் விளக்கு அணைந்தது.
அடுத்த வரிசை, அதற்கடுத்தது,
லிஃப்ட் வரைக்கும்.
கட்டடம் என்னைக் கழித்துவிட்டது.

இருட்டில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்,
ஆற்றின் அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுவதுபோல.

வெளிச்சம் வந்ததும் தட்டினேன்:
காரணம், காற்று.
நடவடிக்கை, தேவையில்லை.

பொய் என்று யாரும் சொல்ல முடியாது.
காற்றுதான்.