கனம்

எட்டு பார். இருபத்தொரு சுரம்.
திருச்செங்கோட்டு போர்வெல் கம்பெனிக்கு விளம்பர மெட்டு.
"கனமா இருக்கோணும்" என்றார் நல்லசிவம்.
"நம்ம வண்டி ஆயிரத்து இருநூறடி எறங்குமுங்க."

ஒரே மிடியை மூன்று சிந்துக்கு அனுப்பினேன்.
அடியில் பேஸ்: மேசையில் டம்ளர் நடுங்கியது.
அதன் மேல் பித்தளை.
அதற்கும் மேல் சோம்பலாய் வாய் திறக்கும் பேட்;
அதை மட்டும் முப்பது மில்லி செகண்ட்
முன்னதாக எழுப்பிவிட வேண்டியிருந்தது.

ஏழாம் பாரில் ஒரு சுரம் தப்பு.
மூவரும் சேர்ந்து தப்பாகவே வாசித்தார்கள்,
துளிக் கூச்சமில்லாமல்.
ஓரிடத்தில் தொட்டு இழுத்தேன்,
மூவரும் திருந்திவிட்டார்கள்.
ஆட்களை வைத்து வாசித்திருந்தால்
நாலு டீயும் ஒரு மனத்தாங்கலும் ஆகியிருக்கும்.

இன்னும் கனக்கட்டுமென்று
பித்தளையைச் சற்றே தள்ளி இரட்டித்தேன்.
மெலிந்துபோனது.
ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து
ஒன்றையொன்று தின்றுவிட்டன.
அழித்தேன்.

இரவு பத்தரைக்குப் போனது பாட்டு.
அவர் அதை ராய்ப்பூர் பக்கம் நிற்கும் வண்டிக்கு அனுப்ப,
டிரில்லர் அங்கமுத்து கம்ப்ரசர் இரைச்சலில்
போனைக் காதோடு அழுத்திக் கேட்டிருக்கிறார்.
"விசிலு மட்டுந்தானுங் கேக்குது.
நல்லாருக்குதுங்."

விசிலா?

தேடினேன். நாலாவது டிராக்.
மிடி போய்ச் சேருகிறதா என்று பார்க்கப் போட்டு
அணைக்க மறந்த வெறும் சதுர அலை.
மற்ற மூன்றையும் ம்யூட் செய்தேன்.
அதே எட்டு பார்,
டம்ளர் அசையவில்லை.

பில்லில் மூன்று சிந்த் என்று போட்டிருந்தேன்.
நாலாக்கினேன்.