பருவம் நீக்கிய ஆகஸ்ட்

மனாமா, ஏழாவது மாடி. ஏசி பதினெட்டில்.
ஒரே ஆகஸ்டை
இரண்டு சல்லடையில் சலிக்கிறோம்.

என்னுடையது நகரும் சராசரி.
மாதத்தை அக்கம்பக்கத்தோடு தேய்த்துத் தேய்த்து
வெயிலை மட்டும் உரித்தெடுக்கும்.
சுல்பிகாவினுடையது மாதிரியொன்று கட்டி
இரைச்சல் எது, போக்கு எது என்று
விசாரித்துப் பிரிக்கும்.

ரமலான்தான் இருவருக்கும் பிடிகொடுக்கவில்லை.
ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து
எந்தப் பருவத்திலும் உட்கார மாட்டேன் என்கிறது.

கடைசியில் வித்தியாசம்
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
அவள் கணக்கில் வேலை போனவர்கள்.
என் கணக்கில் வெறும் கோடை.

"எதை அனுப்ப?" என்கிறாள்.

கீழே நடுப்பகல் தடை தொடங்கிவிட்டது.
சாரத்திலிருந்து இறங்குகிறார்கள்.
எண்ண ஆரம்பித்தேன்,
முப்பத்தொன்றில்
பஸ் வந்து மறைத்துக்கொண்டது.