பதினாறில் ஒன்று

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால்
பஸ்ஸை விட்டிறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.
அந்த கேட்டுக்குத் தெற்கே, உரக்கடை மாடியில்,
முப்பத்தொரு டப்பா வைத்திருக்கிறேன்.
மூடியில் துளை, உள்ளே மரத்தூள், கிண்ணத்தில் தண்ணீர்,
டப்பாவுக்கு ஒரு பால் பாம்பு.

பால் குடிக்காது.
கடலுக்கு அந்தப்புறம் யாரோ
மாட்டுக்கொட்டகையில் பார்த்துவிட்டுச் சுமத்திய பழி.
இங்கே சாரைக்கும் அதே பழிதான்.
இரண்டும் போனது எலிக்காக.

பகலில் எனக்கு ரைஸ்மில்லில் கலர் சார்ட்டர்.
சரிவில் அரிசி இறங்கும். கேமரா பார்க்கும்.
கறுப்போ பழுப்போ பட்டால்
‘டக்’ என்று ஒரு காற்று; அந்த மணி வேறு வாய்க்குள்.
மெஷினுக்குத் தெரிந்த பெயர் இரண்டே:
இரு, போ.
போகச் சொன்னதில் நாலு படி நான் வாங்கி வருவேன்.
வெள்ளெலி அதைத் தின்னும்,
வெள்ளெலியைப் பாம்பு தின்னும்.
நிறம் சரியில்லை என்று தள்ளிய மணிதான்
இங்கே சிவப்பு, கறுப்பு, வெளிர் மஞ்சளென்று
வளையம் வளையமாய்ச் சுருண்டு கிடக்கிறது.

மூன்று நிறமும் இருந்தால் நார்மல்.
கறுப்பைக் கழித்தால் அல்பினோ, கண் மாதுளை முத்து.
சிவப்பைக் கழித்தால் அனெரி,
கார்பன் தாளில் விழுந்த பாம்பு.
கறுப்பு இருந்தும் சாயம் போனது ஹைப்போ.
மஞ்சள் இருக்கவேண்டிய இடமெல்லாம் ஆரஞ்சேறினால்
டாஞ்சரின்.
அந்தப் பழத்தை நான் தின்றதில்லை.
கமலா ஆரஞ்சு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்,
கேட்டவர் ஆயிரம் குறைத்துவிட்டார்.

ஹெட் என்று ஒன்று உண்டு.
வெளியே அச்சு அசல் நார்மல்,
உள்ளே வேறொரு நிறத்தை ஒளித்து வைத்திருக்கும்.
பார்த்துச் சொல்ல முடியாது,
அப்பன் பேரை நம்பித்தான் வாங்கவேண்டும்.
கல்யாணத் தரகர் பேசுகிற மாதிரி
நானும் பேசியிருக்கிறேன்.

அப்படி இரண்டு இரண்டாய் ஒளித்த ஜோடியைச் சேர்த்தால்
பதினாறில் ஒன்று ஸ்னோ என்பது கணக்கு.
பதினாறும் பெறச் சொல்லித்தான் நம்மூரில் வாழ்த்துவது.
அவள் இட்டது ஏழு.
நாலு நார்மல், ஒரு அனெரி, ஒரு அல்பினோ,
அப்புறம்
இது.

டியூப்லைட்டில் வெள்ளை.
காலையில் ஜன்னலோரம் உரித்த இறாலின் ரோஸ்.
செல்போன் படத்தில் லேசாய் ஊதா.
வளையத்தின் விளிம்பில் ஒரு பழுப்பு மஞ்சள்,
இருக்கிறதா, இல்லையென்று நான் ஆசைப்படுகிறேனா.

காரைக்காலிலிருந்து அருள்தாஸ்:
“ஸ்னோவா, அல்பினோவா? ஒரே வார்த்தை சொல்லுங்க.”
அந்த வார்த்தைக்கும் இந்த வார்த்தைக்கும் நடுவே
இருபத்தெட்டாயிரம்.
எனக்குத் தெரிந்த பனி மார்கழியில் வயல்மேல் நிற்பது.
அது வெள்ளைகூட இல்லை, ஒருமாதிரி சாம்பல்.
மூன்று சட்டை உரிக்கட்டும் என்றேன்.
“அதுவரைக்கும் யாருங்க காத்திருப்பா?”

ராத்திரி கரண்ட் போயிற்று.
கீழே ஷட்டரை இழுத்துவிட்டு தையல்நாயகி குரல் கொடுத்தார்:
“பூச்சியெல்லாம் சௌக்கியமா?”
விளக்கு வைத்தபின் அவர் பாம்பென்று சொல்வதில்லை.
சொன்னால் வந்துவிடுமாம்.
முப்பத்தொன்றும், விலை போனதும் போகாததும்,
இருட்டில்
ஒரே பூச்சி.

ஆறு டப்பாவில் மார்க்கரால் எழுதினேன்.
ஏழாவதில் பென்சிலால்.
பிளாஸ்டிக்கில் பென்சில் பிடிக்கவில்லை.
துண்டுக் காகிதத்தில் பொரித்த தேதியை மட்டும் எழுதி ஒட்டினேன்.
அது நாக்கை நீட்டி உள்ளிருந்து
மூடியைப் படித்தது.

இன்று மில்லில் புது லோடு.
கேமராவின் அளவை ஒரு புள்ளி தளர்த்தி வைத்தேன்.
சூப்பர்வைசர் கவனிக்கவில்லை.
எங்கோ யாரோ ஒரு கறுப்பு மணியை
இலையோரம் ஒதுக்கியிருப்பார்கள்.
அல்லது பேச்சுச் சுவாரசியத்தில்
தின்றிருப்பார்கள்.